எண்பத்தேழு

கரகண்டாவில் இன்று மைனஸ் இருபத்தேழு.
என் பழைய ஆடிக்கு மட்டும் காய்ச்சல்.
முற்றத்தைத் தாண்டுவதற்குள் முள்
சிவப்பைத் தொட்டுவிடுகிறது.

"பம்ப் போச்சு" என்றான் கைரோல்லா
நாலாம் மாடி ஜன்னலிலிருந்து,
இறங்கிவராமலே.

பம்ப் போயிருந்தால்
ஹீட்டரில் இந்த அனல் ஏது?
கையுறையைக் கழற்றினேன்.
மேல் குழாய் விரலைச் சுட்டது.
கீழ்க் குழாய்
சந்தையில் விறைத்துக் கிடக்கும் மீன்.
நடுவில் யாரோ
கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆறவிட்டேன். இரண்டு போல்ட்,
ஒன்றுக்கு மட்டும் முக்கால் மணி நேரம், கொஞ்சம் வசவு.
உள்ளங்கையில் அடங்கிய தெர்மோஸ்டாட்,
அதன் நெற்றியில் எண்பத்தேழு.

மந்தி வேகவைக்கும் பாத்திரத்தில்
நூல் கட்டி இறக்கினேன்,
பக்கத்தில் ஜாம் காய்ச்சும் வெப்பமானி.
எண்பது.
எண்பத்தேழு.
தொண்ணூற்று நாலு.
தண்ணீர் தளதளவென்று கொதிக்க
வாய் திறக்கவில்லை.

டீ கேட்டு வந்தவன்
என் தோள்வழியே பாத்திரத்தை எட்டிப் பார்த்தான்.
நெடுநேரம் பார்த்தான்.
ஆவியில் கண்ணாடி மங்கியது, துடைக்கவில்லை.

"புதுசு என்ன விலை இருக்கும்?" என்றான்.

பம்பைப் பற்றி
நாங்கள் இருவருமே பேசவில்லை.