காற்றின் அச்சு

பகலில் பல் செய்கிறேன்.
அலவுஸ் ஊரின் மூன்று மருத்துவர்களுக்கும்
கடைவாய்ப்பல் என் மேசையில்தான் முளைக்கும்.
இரவில் அதே சின்ன கிரைண்டர்,
அதே முகமூடி,
வாய் மட்டும் வேறு:
டாட்சனின் சிலிண்டர் ஹெட்.
எட்டு வால்வு, எட்டுத் தொண்டை.

வார்ப்பில் விட்டுப்போன பிசிறு ஒன்று
வால்வு இருக்கைக்குச் சற்று மேலே
நகத்தில் தட்டியது.
காற்று அங்கேதான் முறைத்துக்கொண்டு நிற்கும்.
அதை முதலில் எடுத்தேன்.
உள்வளைவை அவசரப்படாமல் உருட்டினேன்.
முனையாக விட்டால் காற்று திரும்பத் தெரியாமல்
எதிர்ச்சுவரில் போய் மோதும்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் அறை.
எத்தனை தடிமன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.
அரை மில்லி கூடினால் ஹெட் குப்பைக்கு,
குளிர்காலமும் அதோடு.
நரம்புக்கு முன்னால் நிற்கிற கையை
மருத்துவர்களிடம் பார்த்திருக்கிறேன்.
அப்படி நின்றேன்.

பழைய வாக்குவம் கிளீனர் உறிஞ்ச,
வளைந்த குழாயில் அவுரிநெல்லிச் சாறு
(வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை).
தொண்டை அடைத்தால் சாறு ஏறும், திறந்தால் இறங்கும்.
மார்ச்சில் பதினான்கு விரற்கடை.
ஏப்ரலில் ஒன்பது.

உள்வழியைக் கண்ணாடியாக்கவில்லை,
பெட்ரோலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.
வெளிவழியைத்தான் முகம் தெரியத் தேய்த்தேன்.
கடைசியில், பல் அச்செடுக்கும் இளஞ்சிவப்புப் பசையை
உள்ளே ஊற்றி, இறுகியதும் உருவினேன்:
காற்று போகும் இடம்
கையில், கனமாக.

ஜூனில் சரளைத் தடம். முதலில் வந்தேன்.

எங்கள் பந்தயத்தில் ஒரு விதி:
ஓட்டம் முடிந்ததும் யாரும்
குறித்த விலைக்கு உன் வண்டியைக் கேட்கலாம்.
மறுத்தால் உரிமம் போகும்.
அதனால் எவரும் இதில் பணத்தைக் கொட்டுவதில்லை.
இரவுகளைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு சீட்டு விழுந்தது.
குலுக்கியதில் வேத்தி. வயது பதினேழு.
ரப்பர் பூட்ஸ், அப்பாவின் டிரெய்லர்.
பணத்தை இரண்டு முறை எண்ணித் தந்தான்.
பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை போன் செய்தான்:
"இது ஏன் இப்படி இழுக்குது?"

பல் போனால் சொல் போச்சு.
வண்டி போன என் வாயில்
வந்தது இவ்வளவுதான்:
"ஆயில் மாத்து. அடிக்கடி."

ஜன்னல் விளிம்பில்
யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில்
இளஞ்சிவப்பு அச்சு காய்ந்துகொண்டிருக்கிறது.
ஆகஸ்ட் பந்தயத்துக்கு
இப்போதே ஒரு சீட்டில்
என் பெயரை எழுதி மடித்துவிட்டேன்.