கையுறைக்கு நான்கு நிமிடம்

மேடைக்குக் கீழே பள்ளத்தில் அமர்ந்து
டிரம் அடிக்கிறவனுக்கு
ஆடுகிறவளின் குதிகால்தான் முகம்.
பதினொரு வருடம் அந்த முகத்தைப் பார்த்தேன்.
இடது சுண்டுவிரலில் கால் ஆணி,
அதன்மேல் தோல்நிறத்தில் ஒரு பிளாஸ்திரி.
ஊன்றும்போது அந்தக் கால் மட்டும்
கால் மாத்திரை தயங்கும்.
நானும் தயங்குவேன்.
அது என் பாணி என்று நினைத்தார்கள் டொலீடோவில்.

சுவரொட்டியில் அவள் வெரோனிக் தெலாக்,
பாரிஸிலிருந்து நேரே வந்தவள்.
சம்பள உறையில் ப்ரோனிஸ்லாவா பெட்ஷாக், பஃபலோ.
அவள் பார்த்த கடல்
ஈரி ஏரி ஒன்றுதான்.
யுத்தத்தின்போது ஜிப் தொழிற்சாலையில் இருந்தாள்,
ஷிப்டுக்கு அறுநூறு ஜிப்.
அதனால் அவள் கவுனில் ஜிப் கிடையாது.
முப்பத்திரண்டு கொக்கி, தன் கையால் தைத்தது.
"ஜிப் என்பது வீட்டுக்குப் போகிற அவசரம்.
இவர்களுக்கு வீட்டுக்குப் போக மனசில்லை, ஓர்வில்."

உண்மைதான். மதியக் காட்சிக்குக்
கண்ணாடி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் வருவார்கள்,
மடியில் சாப்பாட்டு டப்பா,
கோட்டில் உருகும் பனி.
பாதிப் பேர்
மூன்றாவது கொக்கிக்குள் உறங்கிவிடுவார்கள்.
சிம்பலை நோக்கி என் கை ஓங்கினால்
வேண்டாம் என்று கண்ணால் சொல்வாள்.
துகில் உரிந்து தாலாட்டியவளை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மகள் பஃபலோவில்,
கன்னியாஸ்திரிகளின் பள்ளியில்.
அம்மாவுக்குப் பெரிய கடையில் வேலை, கையுறைப் பிரிவு,
என்று மாதம் ஒரு கடிதம்.
பொய்யென்று நான் சொல்ல மாட்டேன்.

ஐம்பத்துமூன்று பிப்ரவரியில் வழக்கு.
போலீஸ்காரர் நோட்டைப் புரட்டி வாசித்தார்.
மூன்று இரவுகள்,
மூன்றும் முன்வரிசை,
டிக்கெட் அரசாங்கச் செலவு.
கையுறை கழற்ற எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாய்
என்றார் நீதிபதி.
"இடதுக்கு நான்கு நிமிடம், ஐயா.
வலதுக்கு, வந்திருக்கும் கூட்டத்தைப் பொறுத்து."
சுருக்கெழுத்துக்காரி மட்டும் சிரித்தாள்.
பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.
என்ன பார்த்தாய்?
குதிகால் என்றேன்.
பொய்ச்சாட்சிக்கு என்ன தண்டனை என்று
இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்கள்.

ஐம்பது டாலர் அபராதம்.
கவுன், தடயப் பொருள் எண் ஏழு.
திருப்பிக் கேட்டு ஆறு கடிதம் போட்டாள்.
ஒரே ஒரு பதில் வந்தது:
அப்படியொரு பொருள் இங்கே இல்லை.
புதிய கவுனில் கொக்கி இருபதுதான்.
ஊசியில் நூல் கோக்க
அப்போதே என்னிடம் கொடுப்பாள்.

அறுபத்திரண்டில் தியேட்டரை இடித்துக்
கார் நிறுத்தினார்கள்.
டிராம்போன்காரர் இன்சூரன்சுக்குப் போனார்.
கோமாளி எங்கே போனார் என்று தெரியாது.
நான் க்ளீவ்லேண்டில் சோபா விற்றேன்.
அவள் ஆக்ரனில்
கூடாரங்களுக்கு ஜிப் தைக்கிறாள் என்று
யாரோ சொன்னார்கள்.

எழுபதில் ஒரு ஜனவரி, ஆக்ரன் பஸ் நிறுத்தம்.
எல்லோரும் ரப்பர் பூட்ஸ்,
யாருக்கும் குதிகால் இல்லாத பனி.
வரிசையில் எனக்கு முன்னே ஒருத்தி நகர்ந்தாள்,
இடது காலில்
கால் மாத்திரை தயக்கம்.
பஸ் வந்தது. டிரைவர் ஹாரனை அடித்தார்.
சில்லறை எடுக்கக்
கம்பளிக் கையுறையைப் பல்லால் கடித்து
ஒரே இழுப்பில் கழற்றினாள்.
ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஏறிவிட்டாள். நான் கூப்பிடவில்லை.
அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று
நின்றுகொண்டே இருந்தேன்.
என் வலது பாதம்
பனிக்குள் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது,
அங்கே இல்லாத ஒரு பெடலை,
அவள் அடுத்த கைக்குப் போவாள் என்று.