தண்டவாளத்துக்கு எண்ணெய் கூடாது

கிளாக்ஸ்விக்கில் சனிக்கிழமை என்றால்
எனக்கு ஒரு வாளி, இரண்டு துணி,
மீன் ஆலையில் பதினெட்டு வருடம்
என் கையில் தேய்ந்த குறுங்கத்தி.

மேசைக்காலைப் பிடித்துத் தரைக்கு இறங்கி
சக்கர நாற்காலியை மல்லாத்துகிறேன்.
வயிறு சொறியக் காட்டும் நாய்போலக் கிடக்கிறது.
முன்சக்கர அச்சில் ஒரு வாரத்து முடி,
காட் மீனின் செவுளில் தூண்டில் நூல்
சிக்கியதுபோல, இறுக்கி.
இதை ஹோக்னியிடம் விடுவதில்லை.
அவன் முடியை வெட்டுவான்.
வெட்டினால் பாதி உள்ளேயே தங்கிவிடும்.
உருவ வேண்டும்.

சாய்தளம் அவன் பாடு.
மழைக்கு மறுநாள் பாசி,
பாசிக்கு மறுநாள் மழை.
வழுக்காமலிருக்கப் பலகைமேல் அறைந்த கோழிவலை
உப்புக்காற்றில் அரித்து முள்முள்ளாய் நிற்கிறது.
கம்பித் தூரிகையோடு குனிந்து தேய்க்கிறான்.
யார் வீட்டு ஆடோ வந்து
கைப்பிடிக் கம்பத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போகிறது.
நகராட்சி ஆட்டுக்கும் சேர்த்துத்தான்
வசதி செய்து கொடுத்திருக்கிறது.

குளியல் நாற்காலியின் ரப்பர் குல்லாய்களைக் கழற்றினால்
உள்ளே கறுப்புப் பிசுக்கு.
சுவர்க் கைப்பிடியில் முழு எடையையும் போட்டு
ஆட்டிப் பார்க்கிறேன்:
போன மாதம் முனகிய திருகாணி இன்று ஊமை.
அவசரத்துக்கு இழுக்கும் சிவப்புக் கயிறு
தரையைத் தொட்டுத் தொங்க வேண்டும்.
துடைக்கிற எவருக்கும் அது இடைஞ்சல்.
சுருட்டி, உயரத்தில் முடிந்துவிடுவார்கள்.
விழுந்தவள் கை அவ்வளவு தூரம் போகாது.
இரண்டு வருடத்துக்கு முன், மார்ச்சில்,
நாற்பது நிமிடம் அண்ணாந்து
அந்த முடிச்சையே பார்த்துக் கிடந்தேன்.
நல்ல முடிச்சு. படகுக்காரன் போட்டது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
கயிற்றைச் சோப்பில் அலசி
நானே தொங்கவிடுகிறேன்.

நேற்று ரோய் வந்திருந்தார்,
தோர்ஸ்ஹவ்னிலிருந்து, கடலுக்கடியில் சுரங்கம் தாண்டி,
படிக்கட்டு நாற்காலிக்கு வருடாந்தரப் பரிசோதனை.
ரயிலே இல்லாத தீவு இது.
எங்கள் வீட்டில் மட்டும்
பதினான்கு படி நீளத்துக்குத் தண்டவாளம்.
ஹோக்னி அதற்கு எண்ணெய் பூசியிருந்தான், பிரியத்தில்.
"எண்ணெய் கூடாது" என்றார் ரோய்.
"கம்பளிப் பஞ்சு ஒட்டிக் களிம்பாகிவிடும்.
உலர்ந்த துணி போதும்."
வழித்துக் காட்டிய விரலில்
நீலக் களிம்பு.

அப்புறம் அடிமூடியைத் திறந்து எண்ணைப் படித்தார்.
"ஒரு வருடத்தில் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு."
நான் இரவில் ஏறுகிறேன், காலையில் இறங்குகிறேன்.
எழுநூற்று முப்பது.
மறந்துபோன மூக்குக்கண்ணாடிக்கு இன்னுமொரு நூறு வைத்துக்கொண்டாலும்
உதைக்கிறது.
"எண்ணி பழுதா?"
"எண்ணி பழுதாவதில்லை அம்மா."

ஹோக்னி சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மலை முழுக்க மூடுபனி. பார்க்க ஒன்றுமில்லை.
எனக்கு நீலத்தில் ஒரு துணி கிடையாது.
அவன் ஸ்வெட்டர்தான் நீலம்.
"இடது முழங்கால்" என்றான் மலையிடம்.
"கோடை முடிந்ததிலிருந்து."

துறைமுக அலுவலகத்தில் நான் கணக்கெழுதும் பிற்பகல்களில்
ஏறியிருக்கிறான், இறங்கியிருக்கிறான்,
மேலேயே தங்கிய நாட்களில்
காலி நாற்காலியைக் கீழே அனுப்பி
பழைய இடத்தில் நிறுத்தியிருக்கிறான்.
மாதக்கணக்கில் இடுப்புப்பட்டை தளர்ந்துபோகிறதென்று
நானும் இறுக்கிக்கொண்டே இருந்தேன்.
கொக்கி தேய்ந்துவிட்டதென்று
ரோயிடம் சொல்லக் குறித்தும் வைத்திருந்தேன்.

இன்று தண்டவாளத்து எண்ணெயை
வெந்நீர்த் துணியால் எடுத்து, உலர்த்தி,
இருக்கையைத் துடைத்து, பட்டையைத் துடைத்து,
இறுக்காமல் விட்டேன்.

சாய்தளத்திலிருந்து ஈரக்காலோடு வந்தவன்
படிக்கட்டடியில் நின்றான்.
"சாக்ஸ் எடுக்கணும்" என்றான்.
"பாதம் வைக்கிற தட்டை இப்போதுதான் துடைத்தேன்,
பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறு" என்றேன்.