அறை பார்த்தல்

ரான்ஃபர்லியில் மர்டோவின் கடை மேசையில்
இரண்டு ரீமர்கள்.
என் பாயிண்ட் டூ-டூவுக்கு
அறை பார்க்க வந்திருக்கிறேன்.

"இது இறுக்கம்," என்றார்.
"குழலின் மரை
ஈயத்தின் மூக்கைக் கவ்விக்கொள்ளும்.
ஐம்பது மீட்டரில் ஐந்து துளையும்
ஒரு சட்டைப் பொத்தானுக்குள்."

காகிதத்தில் சரி.
ஜூலையில், நேஸ்பி உறைபனியில்,
டிராக்டர் டயர்மேல் வயிறு பதித்துக் கிடந்தேன்.
கடைசித் தோட்டா உள்ளே போனதும்
"நேரம்!" என்றாள் நடுவர் மெரெயானா.
போல்ட்டை இழுத்தேன்.
பித்தளை வந்தது. ஈயம் வரவில்லை.
மருந்து மட்டும்
உள்ளே எங்கெங்கோ மணலாய்ச் சரிந்தது.
அடுத்த மூன்று சுற்றும்
கழியும் துணியுமாய் வேனுக்குப் பின்னால் நான்.
ஏணியிலிருந்தும் வேலிக்கம்பத்திலிருந்தும்
மற்றவர்கள் தகடு தட்டும் ஓசை,
டிங்,
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிங்.

மர்டோ சிரிக்கவில்லை. அடுத்ததை உருட்டிவிட்டார்.
"இது தளர்வு. எதையும் விழுங்கும், எதையும் துப்பும்.
பொத்தானை மறந்துவிடு,
ஐம்பது சென்ட் காசு என்று வைத்துக்கொள்."

முயலுக்குப் போதும்.
நூறு மீட்டரில் காற்றில் ஆடும்
தீப்பெட்டி அளவுத் தகடு
முயல் இல்லையே.

"நடுவில் ஒன்று?"
இழுப்பறையைத் திறந்தார்.
எண்ணெய்த் தாளில் சுற்றியது:
தொடும், ஆனால் கடிக்காது.
பின்னால் இழுத்தால்
முழுசாய் விட்டுவிடும்.

"இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே?"
"முதலில் காட்டினால்
யாரும் எடுப்பதில்லை."

முன்பணம் வைத்தேன்.
ஆறு வாரம் ஆகும் என்றார்.
அலெக்சாண்ட்ரா போட்டிக்கு
ஐந்தே வாரம்.