தோளில் ஒரு கை

கல் கறுப்பு. லேசர் வெளிச்சத்தை மட்டும் சுடும்.
ஆகவே எந்த முகம் வந்தாலும் முதலில்
எது கல்லாகவே கிடக்கட்டும் என்று பார்ப்பேன்:
தலைமயிர், மூக்குத் துளை, கண்மணி.

பொரளை, கனத்தைக்கு எதிரே, பூக்கடைக்கு மேல்மாடி.
கீழே பஸ் பிரேக் போட்டால் மொனிட்டர் நடுங்கும்.

கொன்சி அக்கா மோதரையிலிருந்து வந்திருந்தா.
போனில் ஒரு வாட்சப் படம்,
ஏழெட்டுப் பேர் கைமாறி மங்கிப்போனது.
கலியாண வீடு. ரெஜினோல்ட் சிரிக்கிறார்,
பாதி கடித்த பட்டிஸோடு.

பட்டிஸை எடுத்தேன்.
காதுக்குப் பின்னால் தொங்கிய பலூனை எடுத்தேன்.
கேட்டபடி டை கட்டிவிட்டேன்.
தோளில் மட்டும் ஒரு கை மிச்சம்:
நாலு விரல், ஒன்றில் மோதிரம்,
ஆள் படத்துக்கு வெளியே.

அழிக்கப் போனேன்.
"பொறுங்க தம்பி. அது செவரின்ட கை."
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தா.
"அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷம் பேச்சில்ல.
காணிப் பங்கு. அன்னைக்குப் படம் எடுக்கிறவன்தான்
கிட்ட நில்லுங்க, கிட்ட நில்லுங்கன்னு..."

பிறகு கேட்டா: "கைக்குத் தனிக் காசா?"

சதுர அங்குலக் கணக்குத்தான் இங்கே.
இல்லை என்றேன்.

இரவு எட்டு மணி. முகத்தை விட்டுவிட்டு
அந்த விரல்களையே பெரிதாக்கிக்கொண்டிருக்கிறேன்.
நகங்களுக்கு வெளிச்சம் கூட்டினேன்.
மோதிரக் கல் கறுப்பாகவே இருக்கட்டும்.
மணிக்கட்டை மங்கலாக்கி முடிக்க மனமில்லை,
விளிம்புவரை கொண்டுபோய் விட்டேன்.

அதற்கப்பால் மாதம்பிட்டிப் புல்.