நீல மணி

சிவாஸில் அன்றிரவு பனி கொட்டியது.
எக்ஸ்ரே அறையில் என் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
ஒன்பது மாதம், பெயர் துனா.
எச்சில் வழிகிறது, பால் இறங்கவில்லை,
அழுகையில் பாதிதான் வெளியே வருகிறது.

ஹஜரின் உள்ளங்கையில் ஒரு நீலக் கண்ணாடி மணி.
தொட்டிலுக்கடியில் கிடந்ததாம்.
மணி இருக்கிறது,
அது கோத்திருந்த ஊக்கைத்தான் காணவில்லை.

"கண் படக்கூடாதென்றுதானே தோளில் குத்திவிட்டேன்."
மூன்று முறை சொன்னாள். நான் கேட்டது வேறு:
விரல் விட்டு எடுக்கப் பார்த்தீர்களா?
வாந்தி எடுக்க வைத்தீர்களா?
பக்கத்து வீட்டுக்காரி ரொட்டி கொடுக்கச் சொன்னாளாம்,
பயத்தில் அதுவும் கொடுக்கவில்லை.
அந்தப் பயத்துக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

திரையில்
சீப்பின் பற்கள் மாதிரி விலா எலும்புகள்.
அவற்றுக்கு மேலே, நட்ட நடுவில்,
வாய் பிளந்த ஊக்கு.
முனை மேல்நோக்கி.

படம் எடுப்பதுதான் என் வேலை, சொல்வதல்ல.
முகம் மாறாதிருக்கப் பதினொரு வருடப் பழக்கம்.
ஆனாலும் அவள்
என் பிடரியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

டாக்டர் ஃபெர்ஹுந்தே கோட்டில் பனியோடு வந்தார்.
விண்ணப்பத்தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
"இப்படியே இழுத்தால் கிழிக்கும்.
முன்னே போகும் முனைதான் குத்தும்,
பின்னால் இழுபடும் முனை குத்தாது.
முதலில் இரைப்பைக்குத் தள்ளுவேன், அங்கே இடமுண்டு.
திருப்பிப் பிடித்து,
மொட்டைப் பக்கம் முன்னால் வர, வெளியே."

"இன்னும் உள்ளேயா?" என்றாள் ஹஜர்.

கையெழுத்துப் போடப் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.
கணவன் எர்சின்ஜான் சாலையில், லாரியில், பனியில்;
ஃபோனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

கதவு மூடியது.
ஏற்கெனவே கழுவிய கிளாஸை மறுபடி கழுவினேன்.
இருபத்தேழு நிமிடம்.

எஃகுக் கிண்ணத்தில் டிங் என்று விழுந்ததை
நான் கேட்கவில்லை, நர்ஸ் சொன்னாள்.
பார்த்தபோது சே, இத்தனூண்டா என்றிருந்தது.
பித்தளை. ஒரு கால் லேசாக வளைந்து.

விடியும்போது துனா முழுசாக அழுதான்,
வார்டே எழுந்து திட்டுகிற அளவுக்கு.
யாரும் திட்டவில்லை.

போகும்போது ஹஜர் மணியை என் மேசையில் வைத்தாள்.
தூக்கியெறியவும் மனமில்லை,
வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனமில்லை போல.

இன்னும் என் ஈய அங்கியின் பையில் இருக்கிறது,
சாவியோடு உரசிக்கொண்டு.
நம்புகிறாயா என்று கேட்காதீர்கள்.

நூலில்தான் கட்டியிருக்கிறேன்.