கடைசிக் காற்புள்ளி

"நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறதே" என்றான் தாவெத்.
இருந்தது.
மூன்று குளிர்காலம் முன்னால் நான்தான் எழுதினேன்:
பட்டியலின் இறுதியில் காற்புள்ளி வரலாம்,
கட்டளையின் அடைப்புக்குள் வரக் கூடாது.
ஏன் கூடாதென்று எழுதவில்லை.
காரணம் இருந்தால்தானே.
அன்று வெள்ளிக்கிழமை, பார்சர் ஓரிடத்தில் முரண்டு பிடித்தது,
தார்த்து நகரம் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது,
எனக்குப் பேருந்து.

வோருவில் ஒரு பாற்பண்ணை.
இரவுப் பணியில் மைமு,
ஏழு குளிர்கலன்களுக்குக் காவல்.
வெப்ப எல்லைகளை வரிக்கு ஒன்றாய் அடுக்கி
ஒவ்வொன்றின் பின்னும் காற்புள்ளி வைத்துப் பழகிய கை,
கடைசியிலும் வைக்கும்.
எங்கள் மொழி ஏற்றுக்கொண்டது. வருடம் முழுக்க ஏற்றுக்கொண்டது.
அன்றிரவு எட்டாவது கலன் வந்தது.
குளிர்விக்கும் கட்டளையை அதே கையால் அடித்தாள்.

எதிர்பாராத குறி, என்றது திரை.

யார் எதிர்பாராதது?

விடியும்போது மூவாயிரம் லிட்டர் புளித்திருந்தது.
கடிதத்தில் கோபமில்லை.
"எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்று
நினைத்துவிட்டேன், மன்னிக்கவும்."
அந்த மன்னிக்கவும் தொண்டையில் முள்ளாய் நின்றது.

தாவெத் விடவில்லை.
நம் எஸ்தோனியத்தையே பார், என்றான்,
பதினான்கு வேற்றுமை;
பத்தில் பெயரடையும் உருபை உடுத்துகிறது,
கடைசி நான்கில் பெயர் மட்டும்.
புறனடை இல்லாத இலக்கணம் உண்டா?
எந்தக் குழந்தை அழுதது?

அழாது, என்றேன்.
குழந்தை தப்பாய்ச் சொன்னாலும்
எதிரே ஒரு முகம் இருக்கிறது,
சிரித்துக்கொண்டே சரியாய் வாங்கிக்கொள்ளும்.
மைமுவின் எதிரே என்ன இருந்தது?
அதிகாலை இரண்டு மணியும்
நம்முடைய நாற்பத்தொன்றாம் பக்கமும்.

அவன் ஜன்னல் பக்கம் போனான்.
எமயோகி உறைந்து கிடந்தது.
வெகுநேரம் கழித்து, "எத்தனை வரி?" என்றான்.

ஏழு.
சேர்க்க ஒன்றுமில்லை, அழிக்க மட்டுமே.
பழைய நிரல் ஒன்றுகூட உடையவில்லை.
கையேட்டில் ஒரு வாக்கியம் போனது,
பக்கம் கொஞ்சம் மூச்சுவிட்டது.

மைமுவுக்கு எழுதினேன்:
நீங்கள் நினைத்தது சரி.

தாவெத் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தான்.
கையேட்டை மூடப் போன என் விரல்
ஐம்பத்தெட்டில் நின்றது.
அதே வெள்ளிக்கிழமை, அதே அவசரம்,
அதே வரலாம், அதே கூடாது.

ஒன்றும் சொல்லவில்லை நான்.
அவன் என் முகத்தைப் பார்த்தான்,
பொத்தானை ஒவ்வொன்றாய்க் கழற்றினான்.